டெய்லரம்மா செய்த மவுண்ட்

காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தவள், கத்தரிக்கோலைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் ஓர் அட்டையை கியர்பாக்ஸின் வாலுக்குக் கீழே அழுத்திப் பிடித்திருந்தாள். சட்டை மடித்து வரும் பெட்டியின் அட்டை. மேலேயிருந்து ஒரு சொட்டு ஆயில் கிளம்பி, யோசித்து யோசித்து இறங்கி, சரியாக அவள் காதோரம் விழுந்தது. துடைக்கக் கை இல்லை. தோளைத் தூக்கித் துடைத்துக்கொண்டாள்.

"என்ன டெய்லரம்மா, அளவு எடுத்தாச்சா, இல்ல கஸ்டமர் கூச்சப்படுறாரா?" என்று வெளியிலிருந்து மெக்கானிக் கேட்டார். பேச்சுத் துணை இல்லாமல் அவருக்கு ஒரு நட்டுகூடக் கழலாது.

வாயில் கத்தரிக்கோலோடு பதில் சொல்ல முடியாது. காலால் தரையை ஒரு தட்டுத் தட்டினாள். கொஞ்சம் சும்மா இருங்கள் என்று அதற்கு அர்த்தம். மெக்கானிக் சிரித்தார்.

கார் ஒரு பல் டாக்டருடையது. அவருடைய அப்பா ஓட்டிய கார். வயதாகிவிட்டாலும் உடம்பில் ஒரு பொட்டுத் துரு கிடையாது. கியர்பாக்ஸ் மட்டும் உள்ளுக்குள் நொறுங்கிப் போயிருந்தது. "பல் டாக்டர் காருக்கே பல்லு கொட்டிடுச்சு" என்று பெட்டியைப் பிரித்த அன்று மெக்கானிக் சொன்னார். பட்டறைக்கு யார் வந்தாலும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டும் இருந்தார். அந்தப் பெட்டிக்கு உதிரிப் பாகம் செய்வதை நிறுத்திப் பல காலம் ஆகிறது. டாக்டருக்கோ வேறு கார் வாங்க மனம் இல்லை. மலைமேல் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு அதில்தான் ஏறி இறங்குகிறார். கடைசியில் மெக்கானிக், பழைய இரும்புக் கடையில் குப்புறக் கிடந்த ஒரு வேனின் ஐந்து கியர் பெட்டியைப் புரட்டிப் பார்த்து, "இதை மாட்டிடலாம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

நடுவில் ஒரு தகடு கொடுத்ததும் பெட்டியின் முன்பக்கம் எஞ்சினோடு சமாதானமாகச் சேர்ந்துகொண்டது. தகராறு பின்பக்கம்தான். புதுப் பெட்டி பழையதைவிட ஒரு சாண் நீளம், வாலும் கொஞ்சம் தாழ்வு. பழைய பெட்டியைத் தாங்கிய பாலத்தின்மேல் இது உட்காரவில்லை, அந்தரத்தில் நின்றது. காரின் இரண்டு பக்கச் சட்டத்திலும் கால் ஊன்றி, நடுவில் ஒரு ரப்பர் வைத்து, அந்த வாலைத் தாங்குகிற மாதிரி ஓர் இரும்புப் பாலம் வேண்டும். பட்டறையில் அதற்கு மவுண்ட் என்று பெயர். எந்தக் கடையிலும் அது கிடைக்காது. அந்த வேனுக்கும் இந்தக் காருக்கும் ஒரு நாள் சம்பந்தம் ஆகும் என்று யார் கண்டார்கள்?

அவள் பட்டறைக்கு வந்தது கூட்டிப் பெருக்கவும், கழற்றிய சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவி அடுக்கவும்தான். வெல்டிங்குக்கு என்று ஒருவர் வெளியிலிருந்து வருவார். வந்தால் வருவார், வராவிட்டால் போனையும் எடுக்கமாட்டார். அப்படி அவர் வராத ஒரு நாள், ஒரு பம்பரின் உடைந்த காது காத்துக் கிடந்தது. அவள் வெல்டிங் ராடை எடுத்து ஒட்டிவிட்டாள். தினமும் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தவள்தானே. ராடை எவ்வளவு தூரத்தில் பிடிக்க வேண்டும் என்பதை மட்டும் மெக்கானிக் சொன்னார். மற்றதையெல்லாம் கையைச் சுட்டுக்கொண்டு அவளே தெரிந்துகொண்டாள். பிறகு சின்னச் சின்ன வெல்டிங் எல்லாம் அவள் கைக்கே வர ஆரம்பித்தது. ஆனாலும் ஆள் ஹெல்ப்பர்தான், கூலியும் ஹெல்ப்பர் கூலிதான். வெல்டிங் நடுவில் வாடிக்கையாளர் யாராவது வந்துவிட்டால், ராடைக் கீழே வைத்துவிட்டு டீ வாங்கப் போக வேண்டும்.

அவள் போட்டுக்கொள்ளும் முகமூடி, வெளி வெல்டர் கழித்துப் போட்டது. அவளுக்குச் சின்னத் தலை. பின்பக்கத் திருகைக் கடைசிப் பல்வரைக்கும் முறுக்கினால்தான் நிற்கும். முறுக்கினால் நெற்றியில் வார் அறுக்கும். தையல்காரரான அவள் புருஷன் ஒரு நாள் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பாவாடை தைத்ததில் மிஞ்சிய மஞ்சள் பூப்போட்ட துணிக்குள் பஞ்சு வைத்து, வாரைச் சுற்றித் தைத்துக் கொடுத்தார். "உள்ளதானே இருக்கு, பூ இருந்தா யாருக்குத் தெரியப்போகுது" என்றார்.

டாக்டர் காருக்கான மவுண்ட் வேலை வந்தபோது வெளி வெல்டர் வழக்கம்போல ஊரில் இல்லை. முதலாளி அவளைக் கூப்பிட்டார்.

"இது சும்மா ஒட்டு வேலை இல்லம்மா. கணக்கு வேலை. பண்ணுவியா?"

"பண்றேன் சார்."

"இது நல்லபடியா அமைஞ்சா இந்த வெல்டிங் மேஜை உனக்குத்தான். ஹெல்ப்பர் கிடையாது, வெல்டர். வெளியாளை இனிமே வர வேணாம்னு சொல்லிடறேன்."

அந்த வார்த்தையை முடிந்து வைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனாள். பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் 'எங்கம்மா வெல்டர்' என்று சொல்லிவிட்டு, யாரும் நம்பவில்லை என்று ஒரு நாள் அழுதுகொண்டு வந்த மகள், அன்றிலிருந்து அம்மா செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே "சொல்லிட்டாரா?" என்று கேட்க ஆரம்பித்தாள்.

அட்டை வெட்டுகிற பழக்கம் புருஷனிடமிருந்து ஒட்டிக்கொண்டது. கல்யாணமான புதிதில் அவருக்குக் காகிதத்தில் மாதிரி வெட்டிக் கொடுத்தவள் அவள்தான். துணியில் கத்தரி வைத்தால் வைத்ததுதான், காகிதம் எத்தனை தடவை வேண்டுமானாலும் மன்னிக்கும் என்பார் அவர். இரும்பு துணியைவிட மோசம். அதனால் முதலில் அட்டை. கியர்பாக்ஸ் வாலுக்கு ஒரு துண்டு, இரண்டு பக்கக் கால்களுக்கு இரண்டு துண்டு, சைலன்சர் குழாய் போகிற இடத்தில் ஒரு வளைவு. எல்லாவற்றையும் காருக்கடியில் பிடித்துப் பார்த்து, இடிக்கிற இடத்தைக் கத்தரித்து, எட்டாத இடத்தில் ஒட்டுப்போட்டு, கடைசியில் அந்த அட்டைப் பாலம் தானாகவே கச்சிதமாக நின்றது. தையலுக்கு ஓரம் விடுவதுபோல வெல்டிங்குக்கு ஓரம் விட்டுக் கோடு இழுத்திருந்தாள்.

மெக்கானிக் அட்டையைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதையே மாட்டிடலாம் போல இருக்கே."

"மழை பெஞ்சா ஊறிடும் அண்ணே."

அடுத்த இரண்டு நாளில் அட்டை இரும்பானது. மாட்டினார்கள். பெட்டியின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுபோகிற ஷாஃப்டும் நீளம் குறைத்து வந்து சேர்ந்தது. முதலாளி ஓட்ட, மெக்கானிக் பக்கத்தில் உட்கார, அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். பட்டறைத் தெருவைத் தாண்டி, பெரிய சாலையில் ஏறி, நான்காவது கியர் விழுகிறவரை ஒரு குறையும் இல்லை. வேகம் கூடியதும் நடுக்கம் ஆரம்பித்தது. தரையிலிருந்து கிளம்பி, இருக்கை வழியாக முதுகில் ஏறியது. கண்ணாடி கடகடவென்று அடித்தது.

முதலாளி வண்டியைத் திருப்பினார்.

பட்டறையில் இறங்கியதும் அவளைப் பார்க்காமல் மெக்கானிக்கிடம் சொன்னார். "வெல்டு சூட்டுல இரும்பு இழுத்துக் கோணிக்கிச்சு போல. நாளைக்கு வெளியாளை வரச் சொல்லிடறேன். டாக்டரம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அவள் மவுண்டைக் கழற்றினாள். துடைத்து, சமதளமான கனத்த தகட்டின்மேல் வைத்து, நேர்சட்டம் பிடித்து, கீழே ஒளி தெரிகிறதா என்று குனிந்து பார்த்தாள். ஒரு காகிதம்கூட நுழையவில்லை. இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். அந்தப் பக்கமும் நேர்தான்.

"இழுக்கல சார். பாருங்க" என்றாள். முதலாளி போனில் இருந்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் புருஷனும் கோபத்தில் இருந்தார். ஒரு சட்டை திரும்பி வந்திருந்தது.

"அளவெடுக்கும்போது அந்த ஆளு கூன் போட்டு நிக்கிறான். சரி, உடம்பே அப்படித்தான்னு நானும் எடுத்துட்டேன். தைச்சுக் கொடுத்தா, போட்டுக்கிட்டு நெஞ்சை நிமித்தி நிக்கிறான். முன்பக்கம் தூக்கிக்காம என்ன பண்ணும்? தப்பு என் கையிலயா, அவன் முதுகுலயா?"

மகளின் தலையைப் பின்னிக்கொண்டிருந்தவளின் கை நின்றது.

"என்ன சொன்னீங்க?"

"முன்பக்கம் தூக்கிக்கிச்சுன்னேன்."

"அதுக்கு முன்னாடி."

"அளவெடுக்கும்போது ஒரு மாதிரி நின்னான், போட்டுக்கிட்டு ஒரு மாதிரி நிக்கிறான்."

"அம்மா, வலிக்குது" என்றாள் மகள். பின்னலை அவள் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் முதல் ஆளாகப் பட்டறைக்குப் போய், டார்ச்சை எடுத்துக்கொண்டு காருக்கடியில் நுழைந்தாள். இந்தத் தடவை பின்பக்கம் போகவில்லை. முன்பக்கம் எஞ்சினைத் தாங்குகிற இரண்டு ரப்பர்களின்மேல் வெளிச்சத்தை அடித்தாள். இரண்டும் புத்தம் புதிது. அச்சிலிருந்து வந்த மெல்லிய ரப்பர் மயிர்கூட இன்னும் உதிரவில்லை. வெளியே வந்து கழிவு டின்னைக் கவிழ்த்தாள். பழைய ரப்பர்கள் அடியில் கிடந்தன. தேய்ந்த செருப்பு மாதிரி அமுங்கிப் போயிருந்தன. புதிதின் உயரத்துக்கும் இதற்கும் முழுசாக ஒரு விரல் கட்டை வித்தியாசம்.

அவள் அட்டை வெட்டியபோது எஞ்சின் கூன் போட்டு நின்றிருக்கிறது. அதற்குப் பிறகு யாரோ அதை நிமிர்த்திவிட்டிருக்கிறார்கள். முன்பக்கம் தூக்கிக்கொண்டதில் பெட்டியின் வால் சாய்ந்து, ஷாஃப்ட் கோணலாகச் சுற்றியிருக்கிறது. நடுங்காமல் என்ன செய்யும்?

மெக்கானிக் வந்ததும் இரண்டு பழைய ரப்பர்களையும் அவர் முன்னால் வைத்தாள். அவர் பார்த்தார். ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கினார்.

"நீ அட்டை எடுத்துட்டுப் போன அன்னிக்கு சாயங்காலம் மாத்தினேன்" என்றார் கடைசியில். "நல்லதுக்குத்தான் மாத்தினேன். உன்கிட்ட சொல்லணும்னு தோணவே இல்ல டெய்லரம்மா."

"நானும் கேக்கல அண்ணே. ரப்பர் பழசா புதுசான்னு கேட்டுட்டுத்தான் அட்டையிலயே கை வெச்சிருக்கணும்."

"முதலாளிக்குத் தெரிஞ்சா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். போன மாதம் அவர் பூட்டிய ஒரு வண்டி ஆயில் ஒழுகிக்கொண்டு திரும்பி வந்தது. கண் மங்கிவிட்டது, இன்னொரு வண்டி இப்படி வந்தால் வீட்டில் உட்கார்ந்துகொள் என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். அவருடைய வீட்டில் கல்யாண வயதில் மகள், படுத்த படுக்கையாக மனைவி.

அவள் ரப்பர்களைக் கழிவு டின்னுக்குள் திரும்பப் போட்டு, அவற்றின்மேல் எண்ணெய்த் துணிகளை அள்ளிப் போட்டாள்.

முதலாளி வந்ததும் நேராகப் போய்ச் சொன்னாள். "அளவுல தப்பு பண்ணிட்டேன் சார். எங்கேன்னு கண்டுபிடிச்சுட்டேன். இன்னொரு தடவை பண்றேன், வெளியாளை வர வேணாம்னு சொல்லுங்க."

"அதான் பார்த்தேன்" என்றார் முதலாளி. வெளியாள் எப்படியும் போனை எடுத்திருக்கவில்லை. "இதுதான் கடைசி. இதுவும் சரியா வரலேன்னா மேஜைப் பேச்சே எடுக்கக் கூடாது, ஆமா."

மெக்கானிக் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துடைத்த ஸ்பேனர்தான்.

முதலாளி நகர்ந்ததும் அருகில் வந்தார். "எதுக்குப் புதுசா பண்ணிக்கிட்டு? வாலுக்கும் மவுண்டுக்கும் நடுவுல நாலு வாஷர் கொடுத்துத் தூக்கிட்டா நின்னுடும்."

"நிக்கும் அண்ணே. எத்தனை நாளைக்கு? அவங்க மலை ரோட்டுல போறவங்க. வாஷர் லூசாகி ஒரு வளைவுல ஷாஃப்ட் கழண்டு தொங்கினா?"

அவர் வாஷர்களைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

இரண்டாவது மவுண்டை அவள் செய்ததைப் பார்த்திருக்க வேண்டும். முதல் வேலையாக ஜாக்கியை எடுத்துவிட்டு, காரை அதன் நாலு சக்கரத்திலும் நிறுத்தினாள். வண்டி சாலையில் எப்படி நிற்குமோ அப்படி நின்றால்தான் அளவு என்றாள். மகளின் ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து கோணமானியைக் கொண்டுவந்திருந்தாள். அதன் நடுத் துளையில் நூலைக் கோத்து, நூலின் நுனியில் ஒரு நட்டைக் கட்டி, கியர்பாக்ஸின் வாலில் ஒட்டிப் பிடித்து நூல் எந்தக் கோட்டில் விழுகிறது என்று பார்த்தாள். ஊர்ந்துகொண்டே பின்னால் போய், பின் அச்சின் முகப்பிலும் அதேபோலப் பிடித்துப் பார்த்தாள். இரண்டு இடத்திலும் நூல் ஒரே கோட்டில் விழ வேண்டும். விழுகிறவரை வாலைச் சின்ன ஜாக்கியால் மயிரிழை மயிரிழையாகத் தூக்கச் சொன்னாள். மெக்கானிக் தூக்கினார். "போதுமா?" என்பார். "இன்னும்" என்பாள். "இப்போ?" "இறக்குங்க, கூடிடுச்சு." அவளுக்கு அந்த இரும்பின்மேல் இருந்த பொறுமை பெற்ற பிள்ளையின்மேல்கூட இருந்திருக்காது.

கோடு விழுந்ததும் அட்டை. அட்டை நின்றதும் தகடு. சுண்ணாம்புக்கட்டியால் வரைந்து, வெட்டி, ஓரங்களைத் தேய்த்தாள். நுனியில் உள்ளங்கையை வைத்து ஓட்டிப் பார்த்து, கை எங்கே தயங்கியதோ அங்கே மறுபடி தேய்த்தாள். சட்டத்தில் மாட்டுகிற ஓட்டைகளை வட்டமாக விடாமல் முன்னும் பின்னும் நகர இடம்விட்டு நீளவாட்டில் செய்தாள். சட்டைக்குக் காஜா எடுக்கிற மாதிரி இருந்தது அது. பிறகு பேட்டரியின் கம்பியைக் கழற்றினாள். சூடு படாமல் இருக்க நடு ரப்பரை உருவி எடுத்தாள். பிரேக் குழாயின்மேல் ஈரத் துணியைச் சுற்றினாள். காருக்கடியிலேயே அங்கங்கே ஒரு வெல்டிங் பொட்டு வைத்துப் பிடித்தாள். ஆர அமர எல்லாவற்றையும் திரும்ப ஒரு முறை நூலை விட்டுப் பார்த்த பிறகுதான் கழற்றி மேஜைக்குக் கொண்டுபோனாள்.

மேஜையில் கனத்த இரும்புச் சட்டத்தோடு சேர்த்து நாலு கிளாம்ப் போட்டு இறுக்கினாள். முகமூடி தலையில் ஏறியது. தலையை ஒரு வெட்டு வெட்டினால் அது தானாக முகத்தில் விழும். அப்படி விழுகிற அளவுக்குத்தான் திருகை வைத்திருந்தாள். இங்கே கொஞ்சம், அதற்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம், பிறகு குறுக்கே கொஞ்சம் என்று மாற்றி மாற்றி ஓட்டினாள். ஒரே பக்கமாகச் சூடு ஏறினால் இரும்பு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும். ராடு உருகுகிற சத்தம் சீராகக் கேட்டது. மெக்கானிக் வேலையை விட்டுவிட்டு, வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டபடி நின்றார். எங்கும் அது திக்கவில்லை.

முடித்ததும் தண்ணீரில் முக்கவில்லை. "தானா ஆறட்டும், அவசரப்படுத்தினா கோவிச்சுக்கும்" என்று சொல்லிவிட்டு, பெருக்குமாறை எடுத்துக்கொண்டு போனாள். பட்டறையை இன்னும் யாரும் கூட்டியிருக்கவில்லை. அவள் கூட்டி முடித்துவிட்டு வந்து, சுத்தியால் கசடைத் தட்டிவிட்டாள். கறுப்பு ஓடு உதிர்ந்து, உள்ளே வெல்டிங் பளபளவென்று, சீராக, ஒரு அலைமேல் ஒரு அலையாகப் படிந்திருந்தது.

"யம்மா!" என்றார் மெக்கானிக். "இதுமேல பெயின்ட் அடிக்கவே மனசு வராது."

மறுபடி மூன்று பேரும் ஏறினார்கள். பெரிய சாலை. நாலாவது கியர். முதலாளி வேகத்தைக் கூட்டினார். ஐந்தாவது கியர் விழுந்தது. மெக்கானிக் டீ குடித்துவிட்டு வைத்த காலி கண்ணாடி கிளாஸ் இருக்கைக்குக் கீழே தரையில் நின்றிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அசையவில்லை. கிண்ணென்று ஒரு சத்தம்கூட வரவில்லை. வாயைத் திறந்தால் அழுதுவிடுவோமோ என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வண்டி ஓடுதா நிக்குதான்னே தெரியல" என்றார் முதலாளி.

"நம்ம டெய்லரம்மா சார்!" என்றார் மெக்கானிக். "மெத்தை தைச்சு வெச்சிருக்கா!"

முதலாளி சிரித்தார். அன்று வீட்டில் மகள் "சொல்லிட்டாரா?" என்றபோது, "நாளைக்குச் சொல்லிடுவார்டா" என்றாள். புருஷன், அவள் எடுத்து வந்திருந்த முகமூடியின் பூத்துணியில் பிரிந்திருந்த ஒரு தையலைப் போட்டுக் கொடுத்தார்.

டாக்டர் மறுநாள் காலையில் வந்தார். வெள்ளை முடி, உற்சாகமான குரல். யாரைப் பார்த்தாலும் அவர் கண் முதலில் பல்லுக்குத்தான் போகும். காரைத் தானே ஓட்டிக்கொண்டு ஒரு சுற்றுப் போய்விட்டு, கை தட்டிக்கொண்டே இறங்கினார். ஜாக்கியில் ஏற்றிக் காட்டச் சொன்னார். புடவையைச் செருகிக்கொண்டு குந்தி உட்கார்ந்து, டார்ச் அடித்து அந்த மவுண்டைப் பார்த்தார். பெயின்ட் இன்னும் அடிக்கவில்லை.

"அடேயப்பா! வரிசைப் பல்லு மாதிரி இருக்கே. எனக்கே இப்படி வராது. யார் சார் பண்ணது இதை?"

அவள் கொஞ்சம் தள்ளி, கையில் எண்ணெய்த் துணியோடு நின்றிருந்தாள். துணியைக் கீழே வைத்தாள்.

"நம்ம சீஃப் மெக்கானிக்தான் மேடம்" என்று முதலாளி தோளில் கை போட்டு மெக்கானிக்கை முன்னால் தள்ளினார். "கியர்பாக்ஸ், வெல்டிங் எல்லாம் இவர் கைதான். வேற யார்கிட்டயும் நான் கொடுக்கறதில்ல."

மெக்கானிக் வாயைத் திறந்தார். முதலாளியின் கை அவர் தோளிலேயே இருந்தது.

"ஒரு போட்டோ எடுத்துக்கணுமே இவரோட. எங்க ஆஸ்பத்திரில எல்லாருக்கும் காட்டணும்."

"அதுக்கென்ன மேடம், நம்ம போர்டுல கூடப் போட்டுக்கலாம். யோவ், அந்த மாஸ்க்கை எடுத்து மாட்டு. அப்போதான் வெல்டிங் பண்ண ஆளு மாதிரி இருக்கும்."

மெக்கானிக் நகரவில்லை. முதலாளியே போய் மேஜையிலிருந்து முகமூடியை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார். அவர் அவளைப் பார்த்தார். ஒரே ஒரு தடவைதான். பிறகு தலையில் வைத்தார். ஏறவில்லை. பின்பக்கத் திருகைப் பிடித்துத் தளர்த்தினார். கட கட கடவென்று அது ஒவ்வொரு பல்லாக விட்டுக்கொடுத்தது. ஏறியதும், யாரும் சொல்லாமலே மூடியை முகத்தின்மேல் இறக்கிக்கொண்டார்.

"நீ கொஞ்சம் எடும்மா" என்று டாக்டர் தன் போனை அவளிடம் நீட்டினார். வாங்கிய கையைப் பார்த்ததும் புருவத்தைச் சுருக்கினார். "என்னம்மா இது, கையெல்லாம் பொத்தல் பொத்தலா சுட்டிருக்கு? அடுப்புலயா?"

"வேலையில பட்டதுங்க."

"நம்ம ஹெல்ப்பர் மேடம்" என்றார் முதலாளி. "நல்ல பொண்ணு. என்ன சொன்னாலும் செய்யும்."

"மருந்து போடும்மா, அப்படியே விடக்கூடாது" என்று அன்பாகச் சொல்லிவிட்டு, டாக்டர் போய் மெக்கானிக்கின் பக்கத்தில் நின்று சிரித்தார்.

அவள் போனைத் தூக்கிப் பிடித்தாள். திரையில் கார் இருந்தது, அதன் வயிற்றில் அவள் வைத்த மவுண்ட் ஓரமாகத் தெரிந்தது, டாக்டரின் பல்வரிசை தெரிந்தது, அவளுடைய முகமூடி தெரிந்தது. கை ஆடக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ராடு பிடிக்கும்போதும் அப்படித்தான் பிடிப்பாள். பட்டனைத் தொட்டாள்.

டாக்டர் படத்தை விரித்துப் பார்த்தார். "நல்லா எடுத்திருக்கியே! இங்க பாருங்க சார், காதோரம் பூப்போட்ட துணி எட்டிப் பார்க்குது. என்ன அழகா தைச்சிருக்கு!"

"வீட்டுல தைச்சுக் கொடுத்திருப்பாங்க மேடம்" என்றார் முதலாளி. டாக்டர் சிரித்தார். முகமூடிக்குள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

கார் சத்தமில்லாமல் பட்டறையை விட்டு இறங்கி, தெருமுனையில் திரும்பி மறைந்தது. முதலாளி நல்ல சந்தோஷத்தில் இருந்தார். அவளிடம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்.

"பெரிய வேலை பண்ணிட்ட. சொன்ன வார்த்தை மாற மாட்டேன், இனிமே மேஜை உனக்குத்தான். வெளியாளே வேணாம். ஆனா கஸ்டமர் வர்ற நேரத்துல மட்டும் அந்தப் பக்கம் நிக்காதே, என்ன? ஒரு பொம்பளை வெச்ச வெல்டை நம்பி மலை ஏறுவாங்களா சொல்லு. கூலி விஷயம் அப்புறம் பார்ப்போம். முதல்ல தரையைக் கூட்டிடு, ஒரே ஆயில்."

மெக்கானிக் முகமூடியை மேஜையில் வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். "டெய்லரம்மா" என்றார். சட்டைப்பையில் வாஷர்கள் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ரொம்ப லூஸ் பண்ணிட்டீங்க அண்ணே" என்றாள்.

முகமூடியை எடுத்துப் பின்பக்கம் திருப்பினாள். திருகைப் பிடித்து ஒவ்வொரு பல்லாகத் தன் தலைக்கு முறுக்கினாள். வழியில் ஒரு தடவை நின்று, தலையில் வைத்துப் பார்த்து, இன்னும் முறுக்கினாள். கடைசிப் பல் வந்ததும் அணிந்துகொண்டு தலையை ஒரு வெட்டு வெட்டினாள். முகமூடி முகத்தில் விழுந்தது. நெற்றியில் பூத்துணி சில்லென்று பட்டது. அதில் வேறு ஓர் ஆளின் வேர்வை ஊறியிருந்தது.